ஒரே ஒரு பெட்டி

நாங்கள் பண்டத்தரிப்பிலிருந்து நல்லூருக்குக் குடிவந்தது ஒரே ஒரு பெட்டியோடுதான். இரண்டு பெட்டி என்று சொல்பவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அன்று காலை எங்கள் வாசல் படலையடியில் நின்று பார்த்தவர்கள் அல்லர், பார்த்தவர்களிடம் கேட்டவர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

என் பெயர் நமசிவாயம். இருபத்தாறு வருடம் விதானையாராக, அரசாங்கம் வைத்த ஊர்த் தலைவனாக, இருந்தேன். அரசாங்கம் அந்தப் பதவியையே எடுத்துவிட்ட பிறகும் ஊரில் ஒருவரும் என்னை வேறு பெயரால் கூப்பிட்டதில்லை. என் வாய்ச்சொல்லை நம்பி எல்லை வேலிக் கதியாலைப் பிடுங்கி நான் காட்டிய இடத்தில் நட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வாயால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது எவ்வளவு பாரம் என்பதை நான் அறிந்தது 1969ஆம் ஆண்டு ஆனி மாதத்தில்.

மூத்த மகள் இராசமலருக்குக் கலியாணம் பேசி ஒப்பேறியிருந்தது. மாப்பிள்ளை தியாகராசா, கொடிகாமத்து ஏரம்பரின் மகன்; அரசாங்கக் கச்சேரியில் இலிகிதர். எங்கள் பக்கத்து வழக்கப்படி இருந்த வீடு மூத்தவளுக்குச் சீதனம். கொடுத்த வீட்டில் பெற்றோர் குந்தியிருப்பது அழகல்ல. இளையவள் மகாதேவியின் பெயரில் நல்லூரில் ஒரு சிறு வீடு வாங்கியிருந்தேன். கலியாணம் முடிந்த பதினோராம் நாள் அங்கே போய்ப் பால் காய்ச்சுவதென்று நாள் பார்த்தாகிவிட்டது.

சீதன உறுதிப் பத்திரம் எழுதிய அன்று நொத்தாரிசு பேனையை நிறுத்திக் கேட்டார். "வீட்டுத் தளபாடம் எப்பிடி? அதையும் எழுதுறதோ?"

ஏரம்பர் சொன்னார்: "அதை ஏன் எழுதுவான்? விதானையாருக்கு வேண்டியதை அவர் ஏத்திக்கொண்டு போகட்டும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அப்போது 'ஏத்திக்கொண்டு' என்ற சொல் என்னைச் சுட்டது. ஏரம்பருக்குப் பேச்சில் நயம் போதாது என்பது என் எண்ணம். பெண் பார்க்க வந்த முதல் நாளே எங்கள் புகையிலைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தினை பெட்டி எரு போடுறனீங்கள்?" என்று கேட்டவர். சம்பந்தம் பேச வந்த இடத்தில் எருவை விசாரிப்பவருக்கு என்ன மறுமொழி சொல்வது? மகளின் சாதகத்தை எடுத்து நீட்டினேன்.

நொத்தாரிசின் முன்னால் நான் எழுந்து நின்றேன்.

"குடுத்த வீட்டைத் துடைச்சு வழிச்சுக்கொண்டு போற பரம்பரையில்லை எங்கடை. ஒரு பெட்டியோடை இறங்குவம். அதுக்கு மேலை ஒரு துரும்பும் என்ரை கையாலை அந்தப் படலையைத் தாண்டாது."

ஏரம்பர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு பெட்டி காணுமோ, விதானையார்?"

"தாராளமாக் காணும்."

"அப்ப சரி. நல்ல கதை. எங்கடை ஆக்களுக்கும் சொல்லுறன்" என்றார். அவர் முகத்தில் ஒரு மதிப்பைக் கண்டேன். வீடு வரும்வரை அந்த மதிப்பு என்னோடு காரில் வந்தது.

வீட்டில் அது இறங்கிப் போய்விட்டது.

"ஒரு பெட்டியோ?" என்றாள் என் மனைவி இரத்தினம்மா. "இருபத்தெட்டு வரியச் சீவியத்தை ஒரு பெட்டிக்கை வையுங்கோ பாப்பம். எந்தப் பெட்டி?"

விதானை வேலையில் கடதாசி வைத்திருந்த என் கந்தோர்ப் பெட்டியைக் காட்டினேன். கறுத்தத் தகரப்பெட்டி. இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். மூடியில் வெள்ளை மையில் என் பெயர். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குசினிக்குப் போய்விட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முதலில் நானே அடுக்கினேன். காணி உறுதிகள், என் தகப்பனாரின் படம், நியமனக் கடிதம், பட்டுச் சால்வை, பஞ்சாங்கம். மூடி அழகாக மூடியது. அப்போது இரத்தினம்மா வந்து நின்றாள்.

"நல்லா இருக்குது. அங்கை போய் இறங்கின உடனை உங்கடை உறுதியைக் காய்ச்சிக் குடிப்பமோ?"

"பால் வழியிலை வாங்கலாம்."

"பாலை எதுக்கை காய்ச்சுறது? உங்கடை அப்புவின்ரை படத்துக்கையோ?"

மகாதேவி அடக்கிய சிரிப்பு புத்தகத்தின் பின்னாலிருந்து கேட்டது. நான் பெட்டியைத் திரும்பவும் திறந்தேன்.

அதன் பிறகு இரத்தினம்மா செய்ததை நான் மதிக்கிறேன். அவள் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நல்லூர் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்குவதுபோல மனத்தில் இறங்கி, ஒவ்வொன்றாக நடந்து பார்த்துச் சொன்னாள்.

"படலை திறந்தாச்சு. கதவடியிலை நிக்கிறம். பூட்டுக்குத் திறப்பு. உள்ளை போறம். பிள்ளையார் படம், விளக்கு, திரி, எண்ணெய், கற்பூரம், நெருப்புப்பெட்டி. குசினி. பால் சட்டி, அகப்பை, குடிக்க ரண்டு பேணி. அடுப்புக்கு அந்த வளவிலை கல்லு கிடக்குது. மூட்ட நாலு சிரட்டையும் கொஞ்சத் தேங்காய்ப் பொச்சும். உப்பு, அரிசி, மஞ்சள் ஒவ்வொரு பிடி. ஒரு கத்தி. மத்தியானம் உங்களுக்கு வயித்துக்குள்ளை எரியும், சூரணம். பின்னேரம் லாம்பு. இரவைக்கு உங்கடை இடுப்பு, நாரி நோவுக்குப் பூசுற எண்ணெய்." கண்ணைத் திறந்தாள். "கை கழுவத் தண்ணி?"

"கிணறு இருக்குது."

"வாளி இருக்குதோ?"

இல்லை. நல்லூர்க் கிணற்றில் கப்பி மட்டும்தான் இருந்தது. குடிபுகும் நாளில் அயல்வீட்டுப் படலையைத் தட்டி வாளி இரவல் கேட்பது என் வாழ்க்கையில் நடக்காது. வாளி வேண்டும், கயிறும் வேண்டும்.

அன்று மத்தியானம் முழுவதும் அந்த வாளியோடு போராடினோம். வாளியைப் பெட்டிக்குள் வைத்து, வாளிக்குள் பால் சட்டியை வைத்து, சட்டிக்குள் சிரட்டையை வைத்தோம். மூடி நான்கு விரற்கடை மூடவில்லை. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கிணற்றுக் கயிற்றாலேயே பெட்டியைச் சுற்றிக் கட்டினால் கயிற்றுக்கு இடம் தேட வேண்டியதில்லை. ஒன்பது சுற்றுச் சுற்றினேன். இரத்தினம்மாகூட "ம்" என்றாள்.

ஆனால் அவளுக்குள் ஒரு வழக்கறிஞர் இருந்தார்.

"நெருப்புப்பெட்டியும் பெட்டிதானே? அப்ப ரண்டு பெட்டி கொண்டுபோறியள்."

"பெட்டிக்குள்ளை இருக்கிற பெட்டி, பெட்டியாகாது" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"உங்கடை கைத்தடி? அது பெட்டிக்கு வெளியிலை வருகுதே. கைத்தடி வரலாமெண்டால் என்ரை துருவலையும் வரலாம். நானும் கையிலைதான் பிடிப்பன்."

இந்தத் தேங்காய்த் துருவலைதான் அவளுடைய உண்மையான துக்கம். கலியாணமாகி வந்த நாள் முதல் அதன் பலகையில் உட்கார்ந்து பழகியவள். வேறொன்றில் உட்கார்ந்தால் தேங்காய்ப்பூ கட்டியாக விழும் என்பாள். கேட்டிருந்தால் இராசமலர் மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்பாள். நான் கேட்க விடவில்லை. சொன்ன சொல் துருவலைக்கும் சேர்த்துத்தான். நியாயம் இரு பக்கமும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கைத்தடியையும் பெட்டிமேல் கயிற்றுக்குள் செருகினேன். இடுப்பில் இருந்த திறப்பு, மடியில் இருந்த கண்ணாடிக்கூடு, எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டேன். படலையைத் தாண்டும்போது என் உடம்பில் வேட்டியும் சால்வையும் திருநீறும் தவிர ஒன்றும் இருக்கக்கூடாது.

குறித்த நாள் விடிந்தது. பால் காய்ச்சுவதற்கு நல்ல நேரம் பத்து மணியிலிருந்து பத்தே முக்கால் வரை. வாடகைக் கார் எட்டு மணிக்கே வந்துவிட்டது. அயலவர்கள் படலையடியில் கூடினார்கள். பக்கத்து வளவு தம்பிஐயா தன் வேலியில் ஒரு கையை ஊன்றி நின்றார். நான் ஒரு பெட்டியோடு போவதைப் பார்க்கத்தான் நின்றார். இராசமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன்.

அப்போது தெருவில் ஒரு பெரிய உறுமல் கேட்டது. உழவு இயந்திரம் ஒன்று பின்னால் இழுவையோடு வந்து எங்கள் படலையை அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் ஏரம்பர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். இழுவையைக் கழுவி, அடியில் புது வைக்கோல் பரப்பி, நான்கு மூலையிலும் மாவிலை கட்டியிருந்தது.

"என்ன ஏரம்பர், இது?"

"பெட்டி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் சொன்ன பெட்டி. ஒரு பெட்டியோடை இறங்குறதெண்டு நொத்தாரிசட்டைச் சொன்னியளெல்லோ. லொறி பிடிச்சால் உங்களுக்குச் செலவு. அதுதான் நானே கொண்டந்தனான்."

அப்போதுதான் விளங்கியது. கொடிகாமத்தில் உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் இழுவைக்குப் பெயர் பெட்டி. அவர்கள் எருவையும் மணலையும் விறகையும் அப்படித்தான் எண்ணுவார்கள்: ஒரு பெட்டி, இரண்டு பெட்டி. எங்கள் பக்கத்திலும் அந்தப் பேச்சு இருக்கத்தான் செய்கிறது; என் காதில் மட்டும் அது விழுந்திருக்கவில்லை. நொத்தாரிசின் முன்னால் நான் கண்ட மதிப்பு, ஒரு வீட்டுச் சாமானை ஒரே இழுவையில் அடக்கப் போகிற சிக்கனக்காரனுக்கு அவர் தந்த மதிப்பு.

நான் தகரப்பெட்டியை உயர்த்திக் காட்டினேன்.

"நான் சொன்னது இந்தப் பெட்டி."

ஏரம்பர் அருகில் வந்தார். ஒன்பது சுற்றுக் கயிற்றையும், மூடியின் இடுக்கால் எட்டிப் பார்த்த வாளிப் பிடியையும், கைத்தடியையும் பார்த்தார்.

"உதென்ன, கிணத்துக்கை விடுறதுக்கோ?"

வேலிப் பக்கத்தில் தம்பிஐயா இருமினார். அது இருமல் அல்ல.

"விதானையார்," என்று ஏரம்பர் குரலைத் தணித்தார், "உதைக் கொண்டுபோய் என்னெண்டு சீவிக்கிறது?"

"சொன்னது சொன்னதுதான். என்ரை வாக்கு."

"உங்கடை வாக்குச் சரி. என்ரை மானம்? சம்பந்தி ஒரு பெட்டி ஏத்துறார், நான்தான் ஏத்திக்கொண்டு போய் இறக்கப்போறன் எண்டு கொடிகாமம் சந்தை முழுக்கச் சொல்லிப்போட்டன். இனி மாவிலையும் கட்டிக்கொண்டு வெறும் பெட்டியோடை திரும்பிப் போனால் சனம் என்ன சொல்லும்? ஏரம்பன் பெண் எடுத்த வீட்டை உரிஞ்சுபோட்டு, தாய் தேப்பனை ஒரு தகரத்தோடை துரத்திவிட்டான் எண்டு சொல்லாதோ? அந்தக் கதை ஆரைப் போய்ச் சுடும்? உங்கடை பிள்ளையைத்தானே."

நான் இராசமலரைப் பார்த்தேன். அவள் கண் துடைப்பதை நிறுத்தியிருந்தாள். மாமனாரின் மானம் என்று ஒன்று இருக்கிறது என்பதையும், பதினொரு நாளாக அது என் குடும்ப மானத்தோடு ஒரே முடிச்சில் கிடக்கிறது என்பதையும் நான் யோசித்திருக்கவில்லை. ஏற்றினால் என் வாக்குப் போகும். ஏற்றாவிட்டால் என் பிள்ளை வாழப்போன வீட்டின் பெயர் போகும். இருபத்தாறு வருடம் மற்றவர்களின் வழக்கைத் தீர்த்தவன் அந்த முற்றத்தில் தகரப்பெட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

இரத்தினம்மா மெல்ல என் பின்னால் வந்து நின்றாள். "பெட்டி பெட்டிதானே" என்றாள், யாருக்கும் சொல்லாததுபோல.

"ரண்டு பெட்டியாகும்" என்றேன். "தகரப்பெட்டி ஒண்டு. இது ஒண்டு."

"ஐயா," என்றாள் மகாதேவி, "பெட்டிக்குள்ளை இருக்கிற பெட்டி பெட்டியாகாது எண்டு நீங்கள்தானே சொன்னியள். தகரப்பெட்டியை இதுக்குள்ளை வைச்சால் ஒண்டுதானே."

என் சொந்தத் தீர்ப்பு. அதை மறுக்க வழியில்லை. நான் தலையசைத்தேன். ஏரம்பர் அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "இவளை வழக்கறிஞருக்குப் படிப்பியுங்கோ" என்றார்.

அதன் பிறகு முற்றம் கலியாண வீடுபோல ஆகிவிட்டது. எதை ஏற்றுவது, எதை விடுவது என்று இராசமலரே முன்னின்று சொன்னாள். தியாகராசாவும் தம்பிஐயாவும் அலுமாரியைத் தூக்கினார்கள். நான் ஒன்றையும் தொடவில்லை. 'என்ரை கையாலை' என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லையாவது முழுதாகக் காப்பாற்றினேன். ஆனால் ஒரு கட்டளை இட்டேன்.

"தகரப்பெட்டி முதலிலை ஏற வேணும். உள்ளுக்கை, முன்பக்கமா. வெளியிலை நிண்டால் ரண்டு பெட்டி மாதிரித் தெரியும்."

ஏரம்பர் தலையைச் சொறிந்தார். "முதலிலை தேவைப்படுறதைக் கடைசியிலை ஏத்துறதுதான் எங்கடை வழக்கம், விதானையார். இறக்கேக்கை லேசு."

"எங்கடை பகுதியிலை மரியாதைக்குரியதுதான் முதலிலை ஏறும்."

"அப்ப ஏத்துங்கோ" என்றார்.

தகரப்பெட்டி ஏறியது. அதன்மேல் நெல்லுச் சாக்கு, சாக்கின்மேல் உரல், முன்னால் அலுமாரி, அலுமாரியோடு கட்டில் சட்டங்கள், அம்மி, கதிரைகள், பாய்ச் சுருள்கள், கிடாரம். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, இரத்தினம்மா தன் கையாலேயே துருவலையைக் கொண்டுவந்து வைத்தாள். அரசியை ஆசனத்தில் இருத்துவதுபோல வைத்தாள்.

இராசமலரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் காரில் முன்னால் போய்விட்டோம். நல்லூர் வீட்டு வாசலில் இறங்கினோம். படலையைத் திறந்துகொண்டு கதவடிக்குப் போய் நின்றோம். இரத்தினம்மா தன் மனப்பாடத்தின்படி கையை நீட்டினாள்.

"திறப்பு."

நான் இடுப்பைத் தடவினேன். பிறகு தடவுவதை நிறுத்தினேன்.

"பெட்டியிலை" என்றேன்.

"எந்தப் பெட்டியிலை?"

"பெட்டிக்குள்ளை இருக்கிற பெட்டியிலை."

கதவில் தொங்கியது என் விதானைக் காலத்து ஆமைப்பூட்டு; அதற்கு ஒரே ஒரு திறப்பு. இராசமலர் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதம் வேறாக இருந்தது.

பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது உழவு இயந்திரம் வந்து சேர்ந்தது. தியாகராசா மேலே துருவலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் செய்தியைச் சொன்னேன். ஏரம்பர் என்னை 'நான் சொன்னேனே' என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வேட்டியை இன்னும் ஒரு சாண் உயர்த்திக் கட்டினார்.

"தம்பி, இறக்கு. எல்லாம் இறக்கு."

முன்வீட்டுப் படலையில் ஒரு அம்மா குடையோடு நின்று பார்த்தார். குணலட்சுமி ரீச்சர் என்று பிறகு அறிந்தோம். அவர் கண்முன்னே எங்கள் வீடு முழுவதும் தெருவோரத்தில் வரிசையாக இறங்கியது. துருவலை, கிடாரம், நான் மத்தியானம் சாய்கிற கதிரை, அதன் கிழிந்த துணி, பழைய தலையணைகள். பண்டத்தரிப்பில் யாரும் கண்டிராததை நல்லூர் முதல் நாளே கண்டது.

"பால் சட்டி ஏதும் வேணுமெண்டால் எங்கடை வீட்டிலை இருக்குது" என்றார் ரீச்சர்.

"வேண்டாம் பிள்ளை. எங்கடை பெட்டியிலை எல்லாம் இருக்குது" என்றேன். அது உண்மை.

பத்தே காலாயிற்று. அலுமாரி அசைய மறுத்தது. ஏரம்பரும் மருமகனும் ஒரு பக்கம் பிடித்தார்கள். மறுபக்கத்துக்கு ஆள் இல்லை. காரோட்டி வெற்றிலை வாங்கப் போயிருந்தான். நான் சால்வையை எடுத்து இராசமலரிடம் கொடுத்தேன். பண்டத்தரிப்புப் படலையைத் தாண்டியாகிவிட்டது. இனி என் கைக்கு விலக்கில்லை. அலுமாரியின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

"நாரி கவனம், விதானையார்" என்றார் ஏரம்பர்.

"நாரிக்கு எண்ணெய் இருக்குது."

"எங்கை?"

"பெட்டியிலை."

அப்போதுதான் அவர் சிரித்தார். அலுமாரி அந்தரத்தில் ஆடியது. அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. அறுபத்து நான்கு வயதில், தெருவில், சால்வை இல்லாமல், அலுமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

உரலை உருட்டி, நெல்லுச் சாக்கை இழுத்தபோது தகரப்பெட்டி தெரிந்தது. ஏரம்பர் அதை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் தந்தார். ஒன்பது சுற்றையும் அவிழ்க்க மகாதேவியும் நானும் பட்ட பாடு கொஞ்சமல்ல. பத்தே இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது.

அதன் பிறகு இரத்தினம்மா ஒரு சொல்லும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் பாயில் கண்மூடி நடந்த நடையை இப்போது கண் திறந்து நடந்தாள். படம், விளக்கு, திரி, நெருப்புப்பெட்டி. கயிற்றை வாளியில் கட்டித் தண்ணீர் வந்தது. மூன்று கல், நான்கு சிரட்டை, சட்டி. காரில் வரும்போது வாங்கிய போத்தல் பால் ஊற்றப்பட்டது. பத்தே முக்காலுக்கு மூன்று நிமிடம் இருக்கப் பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது.

பெட்டியில் இரண்டு பேணிகள் மட்டுமே இருந்தன. ஒன்றை ஏரம்பருக்குக் கொடுத்தாள். மற்றதை எனக்கு நீட்டினாள். நான் வாங்கி மருமகனிடம் கொடுத்தேன். மற்றவர்களுக்குப் பேணி தேடத் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே எங்கள் குசினி முழுவதும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

குணலட்சுமி ரீச்சர் இன்னும் படலையில் நின்றார். பால் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த ஏரம்பரிடம் கேட்டார்.

"தூரத்திலையிருந்தோ வாறியள்? கனக்கச் சாமான் போலை கிடக்குது."

நான் கிடாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏரம்பர் தெருவோரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார். அலுமாரி, கட்டில், உரல், அம்மி, ஆறு கதிரை.

"இல்லை ரீச்சர்" என்றார் முகம் மாறாமல். "ஒரு பெட்டிதான்."